ஊதுபத்தி சாயும் திசை

பெண் பார்க்கப் போன அன்று, என் மாமனாராகப் போகிறவரைப் பழுத்த பக்திமான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்போது சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற கர்வம் உண்டு. ஆம்பூரில் அந்த வீட்டு வாசலில் நாங்கள் ஜட்காவை விட்டு இறங்கியபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் ஒற்றை ஊதுபத்தியை ஏந்திக்கொண்டு நிலைப்படியருகே நின்றிருந்தார். அந்தப் பக்கம் சாமி படம் எதுவும் கிடையாது, வெறும் ஆகாயம். புகை போகிற போக்கைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "வாங்க, வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். உருவ வழிபாட்டைத் தாண்டிவிட்ட மனிதர், வெட்டவெளியையே கும்பிடுகிறார் என்று நான் நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியில் பெண்ணைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் எதையும் கும்பிடவில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தார். வீட்டுக்குத் தென்மேற்கே, கூப்பிடு தூரத்தில், தோல் பதனிடும் டேனரி ஒன்று இருந்தது. அது தை மாதம். வடகிழக்கிலிருந்து வந்த காற்று, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோல்களின் சமாசாரம் முழுவதையும் அள்ளி அந்தண்டை ஊர்களுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. என் மூக்குக்கு எட்டியதெல்லாம் கேசரியில் போட்ட ஏலக்காய்தான். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் லேசாக ஏதோ ஒன்று வந்தது உண்மை. நான் குதிரையைச் சந்தேகப்பட்டேன்.

கல்யாணம் மாசியில் நடந்தது. விஷயம் எனக்குத் தெரியவந்தது ஆடியில். புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டார் ஆடிக்கு அழைத்துப்போவதும், அந்த மாதம் மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பதும் வழக்கம். அந்த வழக்கத்தை என் மாமனார் அளவுக்கு மனமாரப் போற்றியவரை நான் பார்த்ததில்லை. நானோ மனைவியைப் பிரிந்திருக்க முடியாமல், சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி ஒரு மத்தியானம் போய் இறங்கினேன். தென்மேற்குக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தை வர்ணிக்க என்னிடம் சொற்கள் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் மாமனார் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆடியிலே வரலாமா மாப்ளே?" சாஸ்திரத்தைச் சொல்கிறார் என்று அப்போதும் நினைத்தேன்.

அவர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாங்கி டேனரிகளுக்குக் கொடுக்கிறவர். பட்டை நனைந்தால் தோலுக்கு உதவாது. ஆகையால் அவருடைய வருஷம் பஞ்சாங்கத்தில் ஓடவில்லை; காற்றிலும் ஈரத்திலும் ஓடியது. வீட்டை நடுமுற்றம் இரண்டாகப் பிரித்திருந்தது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் குடும்பம் வடகிழக்குப் பாதியில் ஒண்டியிருக்கும். டேனரியைப் பார்த்த சன்னல்களை எல்லாம் தார் பூசிய சாக்கால் அடித்து மூடிவிடுவார்கள். புரட்டாசி பிறந்ததும் மாமனாருக்கு இருப்புக்கொள்ளாது. காலையும் மாலையும் ஊதுபத்தி. தும்பிகள் எவ்வளவு தாழப் பறக்கின்றன, பாலாற்று மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே நிற்கிறது, முற்றத்தில் கிடக்கும் பட்டைக் கட்டு கையில் எப்படிக் கனக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரவில் மோரை நிறுத்திவிட்டு மிளகு ரசத்துக்கு மாறுவார். அவர் மாறினால் வீடே மாறவேண்டும். பிறகு ஐப்பசியில் ஒரு நாள் புகை தென்மேற்கே சாயும். "காத்து திரும்பிடுச்சி. எடுங்க" என்பார்.

எடுங்க என்றால் வீட்டை எடுங்க என்று அர்த்தம். கட்டில், பாத்திரம், சாமி படங்கள், நாள்காட்டி, அடைகாக்கும் கோழி உட்பட எல்லாம் அன்று பொழுது சாய்வதற்குள் முற்றத்தைத் தாண்டித் தென்மேற்குப் பாதிக்குப் போய்விடும். காலியான வடகிழக்குப் பாதிக்குள் பட்டைக் கட்டுகள் கூரை முட்டுமளவு ஏறும். மழை கொட்டுகிற பக்கத்தில் பட்டை பத்திரமாக இருக்குமா என்று நான் ஒருமுறை கேட்டேன். அந்தப் பக்கத்து ஓடுகளைத்தான் அவர் வருஷாவருஷம் மாற்றுகிறார் என்றார்கள். மனிதர்கள் படுக்கிற பக்கத்து ஓடு தாத்தா காலத்தது.

இயற்கையோடு இயைந்து வாழுங்கள் என்று பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு நானே பிழை திருத்தியிருக்கிறேன். எழுதியவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். அப்படி உண்மையிலேயே வாழ்ந்த ஒருவரை நான் அறிவேன். அவர் காற்றின் கைதியாக இருந்தார். எந்தச் சன்னலைத் திறப்பது, எங்கே தலைவைத்துப் படுப்பது, யாரை எப்போது வீட்டுக்குக் கூப்பிடுவது என்பதையெல்லாம் காற்றுதான் தீர்மானித்தது. அவருடைய இரண்டு பெண்களும் அந்தச் சிறையிலேயே பிறந்தவர்கள். மூத்தவளை எனக்குக் கட்டிக்கொடுத்து வெளியே அனுப்பியாயிற்று. இளையவள் பாக்கி.

இளையவளைப் பார்க்க அதற்குமுன் இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. இரண்டு வீட்டாருமே அவர் சொன்ன மாதத்துக்குக் காத்திருக்கமாட்டோம் என்று அவசரப்பட்டு, ஒருவர் ஆனியிலும் ஒருவர் ஆவணியிலும் வந்தவர்கள். ஒரு வீட்டார் காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டார் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ஊரில் இதற்குள் "அந்தப் பொண்ணுக்கு ஏதோ குறை" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. மூன்றாவதும் தவறினால் நான்காவது வராது. நானும் என் மனைவியும் தலைதீபாவளிக்குப் போயிருந்தபோது, என் மச்சினி சொம்பு துலக்கிக்கொண்டே இதைச் சொன்னாள். அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அழுதுகொண்டு சொல்லவில்லை, யாருக்கோ நடந்த கதை போலச் சொன்னாள்.

"வருஷத்துல நாலு மாசந்தான் மாமா எனக்குக் கல்யாண வயசு. அதுலயும் மார்கழி போய்டும்."

தீபாவளி கழிந்து சில நாளில் சோளிங்கரிலிருந்து மூன்றாவது வரன் வருவதாக ஏற்பாடு. தாயும் மகனும் மட்டும், ஒரு நடை பார்த்துவிட்டுப் போவார்கள். பையன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தாயார் கணவரை இழந்தவர். மலைமேல் நரசிம்மர் இருக்கிற ஊரில், காற்றோட்டமான தெருவில், சந்தன வாசனையில் வளர்ந்தவர் என்று என் மாமியார் பயத்தோடு சொன்னார். என் மாமனார் என்னைத் தனியே அழைத்தார். "மாப்ளே, நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு. அவங்க வெளிய கிளிய போவாம பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க" என்றார். பொறியில் விழுந்த எலியைக் கூப்பிட்டு அடுத்த எலிக்கு வடை பிடிக்கச் சொல்வது மாதிரிதான். ஆனால் என் பேச்சுக்கு இப்படி ஒரு தேவை அதற்குமுன் எங்கேயும் வந்ததில்லை. உடனே சம்மதித்தேன்.

அவர்கள் வந்த காலை, புகை தென்மேற்கே கயிறு கட்டி இழுத்ததுபோல் சாய்ந்திருந்தது. கூடத்துச் சன்னல்கள் அகலத் திறந்திருந்தன. முற்றத்தின் வழியாகக் குளிர்ந்த காற்று வந்து எங்களைத் தாண்டி டேனரிப் பக்கம் போயிற்று. பையன் சாது. தாயார் அதிகம் பேசாதவர்; வெற்றிலையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கிறவர். என் மச்சினி காபி கொண்டுவந்தாள், நமஸ்காரம் செய்தாள், உள்ளே போனாள். எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் நடந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாயங்கால ரயிலுக்கு வண்டி பார்க்கப் போன ஆள் நனைந்த கோழியாகத் திரும்பி வந்தான். கானாறு ரோட்டுக்கு மேலே ஓடுகிறது, காட்பாடிக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் கிடையாது என்றான்.

மாமனார் கலங்கவில்லை. மழை அவர் கணக்கில் இருந்தது. "ராத்திரி தங்கிட்டுப் போங்க, நம்ம வீடுதானே" என்றார். மறுநாள் விடிந்ததும் மழை சற்றே ஓய்ந்தது. காற்று நின்றுவிட்டது. அவர் வாசலில் ஊதுபத்தியோடு நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் போனேன். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். புகை கொஞ்சம் தயங்கி, யோசித்து, மெதுவாக எங்கள் பக்கம் திரும்பி, அவர் தோளைத் தொட்டு, வீட்டுக்குள் நுழைந்தது. புயல் வடக்கே கரையேறினால் காற்று தலைகீழாகத் திரும்பும் என்று பிற்பாடு பத்திரிகையில் படித்தேன். அவருக்கு அது படிக்காமலே தெரியும். முகம் சாம்பலாகிவிட்டது. "வந்துடுச்சி" என்றார்.

வந்துவிட்டது. அதுவும் ஈரத்தோடு வந்தது. சன்னல்களைச் சாத்தினோம். தாத்தா காலத்து ஓட்டு இடுக்குகளைச் சாத்த முடியவில்லை. தப்பித்து மறுபாதிக்குப் போகலாம் என்றால் அங்கே பட்டை கூரையை முட்டி நிற்கிறது. வெளியே தண்ணீர். இருண்ட கூடத்தில் நாங்கள் அத்தனை பேரும், நடுவில் ஒரு கட்டு ஊதுபத்தியும், மூலையில் கோழியும். மாமனார் ஒவ்வொரு மூலையிலும் பத்தி பத்தியாகக் கொளுத்திவைத்தார். இரண்டு நாற்றங்களும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தது. அந்த அம்மாள் முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் ஜலதோஷம்" என்றார்.

"புது மழை இல்லீங்களா, மண்ணு வாசனை ஜாஸ்தி" என்றார் மாமனார்.

"ஆமாங்க" என்றார் அந்த அம்மாள்.

நான் பேசினேன். அன்று காலையிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை பேசினேன். இடையில் சாப்பிட்டேன், சாப்பிடும்போதும் பேசினேன். பழந்தமிழர் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்ததையும், அதில் இந்த ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பேர் வைத்ததையும் சொன்னேன். கூதிரில் வாடைக்காற்று வீசினால் பிரிந்த தலைவி எப்படி வாடுவாள், தலைவன் பாசறையில் எப்படித் தூக்கமில்லாமல் உலாவுவான் என்பதையெல்லாம் விளக்கினேன். தூக்கமில்லாத தலைவனைப் பற்றிச் சொன்ன இடத்தில் பையன் தூங்கிவிட்டான். அவனுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணால் ஏதோ சொன்னாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் மச்சினி காபியும் சுண்டலும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தபடி இருந்தாள். ஒருமுறை குனிந்து டம்ளரை எடுக்கும்போது தாழ்ந்த குரலில், "மாமா, தண்ணி குடிங்க. தொண்டை போய்டப்போவுது" என்றாள். அக்கறை என்று நினைத்தேன்.

அந்த நாளை இப்போது நினைத்தால் எனக்கு நாற்றம் அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை. மூடிய சன்னல்களுக்குப் பின்னால் எல்லோரும் ஒரே பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் நிற்கிறது. யாரும் எழுந்து போக முடியாது. யாரும் உண்மையைச் சொல்லவும் முடியாது. மாமனார் ஓயாமல் எழுந்து கதவருகே போவார், புகையைப் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார். எத்தனையோ வருஷமாக மாறாத நம்பிக்கையோடு அவர் பார்த்துவந்த புகை, மகளின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்த ஒரே சமயத்தில் அவரைக் கைவிட்டுவிட்டது.

மறுநாள் காலையும் காற்று திரும்பவில்லை. மழை ஒரே சீராகப் பெய்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முந்தின நாள் விட்ட இடத்தில் ஆரம்பிக்கப் போனேன். அப்போது என் மச்சினி காபியை அந்த அம்மாளின் முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"ம்மா, இது மண்ணு வாசனை இல்ல. பக்கத்துலே டேனரி இருக்குது. தோலு ஊறுற நாத்தம். ஆடியிலே இதுக்கு மேல இருக்கும். உங்களுக்கு ஜலதோஷமும் இல்ல."

மாமியார் வாயில் கைவைத்துக்கொண்டார். மாமனாரின் விரலிடுக்கில் இருந்த ஊதுபத்தி அடிவரை எரிந்து சுட்டது, உதறக்கூட இல்லை.

அந்த அம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். "நீ எப்படிம்மா இருக்கே இதுல?" என்றார்.

"எங்க போறது?" என்றாள் என் மச்சினி. "அப்பா பொழப்பு இதுலதான் இருக்குது."

மாமனார் எழுந்தார். மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வடகிழக்குப் பாதிக்குப் போனார். கதவைத் திறந்து, முன்வரிசையில் இருந்த பட்டைக் கட்டு ஒன்றைப் பிடித்து இழுத்து, மழை பெய்துகொண்டிருந்த முற்றத்தில் போட்டார். பிறகு இன்னொன்று. நானும் பையனும் ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தோம். "மனுஷங்க உக்கார எடம் வேணும்" என்றார். வருஷத்தில் பாதியை ஈரத்துக்குப் பயந்தே கழித்த மனிதர், கொட்டுகிற மழையில் தன் சரக்கைத் தானே எறிந்துகொண்டிருந்தார். தடுக்கப் போன நாங்களும் கடைசியில் பிடித்து இழுத்தோம். அன்று பொழுதெல்லாம் நாங்கள் அந்தப் பாதியில், மிச்சமிருந்த கட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறந்தால் மழையின் குளிர் மட்டும் வந்தது. பட்டை நாட்டுமருந்துக் கடை மாதிரி மணத்தது. அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. முற்றத்தில் நனைந்த பட்டையிலிருந்து சாயம் இறங்கி, தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் ரயில் விட்டார்கள். புறப்படும்போது அந்த அம்மாள், "லெட்டர் போடறோம்" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் லெட்டர் போடுகிறோம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமனார் ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். காற்று பழையபடி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. அவர் ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கவில்லை. கார்த்திகை பாதியில் கார்டு வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, தையில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரி. மாமியார் அழுதார். என் மச்சினி கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தையா? காத்து நல்லாருக்கும்" என்றாளாம்.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. மாமனார் இப்போது இல்லை. அந்த வீடும் கைமாறிவிட்டது. அந்த வரன் எப்படிக் கைகூடியது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் பல கட்சிகள் உண்டு. மகள் உண்மையைச் சொன்னதால்தான் என்பது மாமியார் கட்சி. அப்பா பட்டையை மழையில் போட்டதைப் பார்த்து மனமிரங்கினார்கள் என்பது என் மனைவியின் கட்சி. என் கட்சியில் நான் ஒருவன்தான். தமிழ் கேட்டு மயங்கினார்கள் என்பது அதன் கொள்கை. வெளியே அதிகம் சொல்வதில்லை.

சென்னையில் நாங்கள் குடியிருப்பது மாடிப் போர்ஷன். இங்கே எந்தப் பருவத்திலும் ஒரே வாசனைதான், சாக்கடை. அதற்குக் காற்று தேவையில்லை. இருந்தாலும் ஐப்பசி பிறந்தால் என் கை தானாக ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. வெட்டவெளியில் நின்று புகையைப் பார்க்கிறேன். கீழ் போர்ஷன்காரர் என்னைப் பெரிய பக்திமான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுக்கவில்லை. அந்தப் புகை சாயும்போது எனக்கு அந்த ஒல்லியான மனிதரின் தோள் தெரிகிறது.

போன ஐப்பசியில் என் மச்சினியின் மாமியார், அதே சோளிங்கர் அம்மாள், கண் வைத்தியத்துக்காக வந்து எங்களோடு சில நாள் தங்கியிருந்தார். மாடியில் துணி எடுக்க வந்தவர் என்னை ஊதுபத்தியும் கையுமாகப் பார்த்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே என் பக்கத்தில் நின்றார். கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவ்வளவு நாற்றத்துக்குப் பிறகும் எப்படிச் சம்மதித்தீர்கள்?

"நாத்தமா?" என்றார் அவர். "அது ரயில்ல எறங்கும்போதே தெரிஞ்சுதே. தோலு ஊருக்குப் போயிட்டு தோலு நாத்தம் அடிக்குதுன்னு சொல்ல முடியுமா?"

"அப்படின்னா, அவ உண்மையைச் சொன்னதுனாலயா?"

"அது மறுநாளு. நான் அதுக்கு மொத நாளே முடிவு பண்ணிட்டேன். ஒடனே சரின்னு சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னா மரியாதைன்னுதான் லெட்டர்னு சொன்னேன்."

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நீங்க ஒரு நாள் பூரா பேசினீங்களே, பெரிய மாப்ளே. எம்புள்ள தூங்கிட்டான். எனக்கு மண்டையிடி. அந்தப் பொண்ணு மட்டும் மூஞ்சி சுளிக்காம உங்களுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு நடமாடிச்சு. இதையே தாங்குது, நம்ம வூட்ல எதையும் தாங்கிடும்னு நெனைச்சேன்."